கதிரையில் கிடந்த சால்வை

யூக்கலிப்டஸ் தைலமும் சுருட்டும் கலந்த ஒரு வாசம், அதுதான் எங்கள் எம்.பி. ஐயாவின் வாசம், அவர் வந்துபோய் ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகும் எங்கள் வீட்டு முன்னறையை விட்டுப் போகாது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான் எம்.பி. என்பதால், அது ஒரு பதவி, இன்னொருவரும் அதில் இருக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆகவே ஐயா இனித் தேர்தலுக்கு நிற்கமாட்டாராம், வேறு ஆள் தேடுகினமாம் என்று ஒரு மாசி மாதத்தில் திருக்கோணமலை முழுக்கக் கதை அடிபட்டபோது, ஒன்பது வயதுக்காரியான நான் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றேன். இன்றைக்கு யோசித்தால், அந்தக் கிழமை ஊரில் ஒருவருக்குமே ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் புரிந்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், ‘கிளாக்கர்’. பின்னேரங்களில் ஐயாவிடம் வரும் சனத்தின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். வெருகல் தெரு, ஈச்சிலம்பற்றுக் குளக்கட்டு, யாரோ ஒரு விதவையின் காணித் துண்டு என்று பதினைந்து வருடமாக அவர் எழுத, ஐயா கையெழுத்து வைத்தார். ஐயாவின் கையெழுத்தைவிட அப்பாவின் எழுத்துத்தான் ஊருக்கு அதிகம் தெரியும் என்று அம்மா பெருமையாகவும் சொல்லுவா, எரிச்சலாகவும் சொல்லுவா.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் ஐயா வந்தார். அப்பாவின் கதிரையில் இருந்து ‘பிளேன்டீ’ குடித்தார். வெருகல் தெரு வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டார். அப்பா சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பவும் கேட்டார். அப்பாவும் முதல்தரம் சொல்வது போலவே திரும்பவும் சொன்னார். பிறகு ஐயா எழும்பிப் போய்விட்டார். கதிரையின் முதுகில் அவருடைய சால்வை கிடந்தது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மலை இறக்கத்தில் ஓடினார், ஆனால் கார் திரும்பிவிட்டது. மூச்சு வாங்க வந்து, காலமை கொண்டுபோய்க் கொடுப்பம் என்று பழைய இடத்திலேயே போட்டார்.

அம்மா விடவில்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் நிர்வாகம் பார்ப்பவரை ‘வண்ணக்கர்’ என்போம். ஒரு வண்ணக்கர் வயது போய் விலகும்போது, அடுத்தவர் பெயரை வாயால் சொல்லமாட்டார். சொன்னால் மற்றவர்களுக்கு மனம் நோகும். தன் தோள் சால்வையை எடுத்து யாரிடம் விட்டுப்போகிறாரோ அவர்தான் அடுத்த வண்ணக்கர். இதை வைத்து அம்மா கணக்குப் போட்டுவிட்டா.

“வாயால சொல்லேலாததைச் சால்வையால சொல்லிப்போட்டுப் போறார்” என்றா.

அப்பா சிரித்தார். அடுத்த நாள் காலையிலும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் குறைவாக. அம்மா பக்கத்து வீட்டில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாவாம்; வெள்ளிக்கிழமை பின்னேரம் ஈச்சிலம்பற்றிலிருந்து நாலு பேர் தயிர்ச் சட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். சால்வையைப் பார்த்தார்கள், கும்பிடாத குறை. கதிரை காலியாக இருக்க எல்லாரும் நிலத்தில் இருந்தார்கள். அதில் ஏறப்போன என் தம்பிக்கு அறை விழுந்தது. அப்பாவே குசினியில் ஒரு பலகைக் கட்டையில் இருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அப்பாவின் சிநேகிதர் காதர் நானாவுக்குத் துறைமுகத் தெருவில் புடவைக்கடை. இவர் அவரை ‘நானா’ என்பார், அவர் இவரை ‘அண்ணன்’ என்பார், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், யார் மூத்தவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அவர்தான், இது என்ன சுத்திவளைச்ச வேலை, நேரே போய் ஐயாவிடம் கேட்டால் என்ன என்றார்.

“கேட்டு வாங்கிற சாமானோ நானா இது?” என்றார் அப்பா. சொன்ன விதத்தில், அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

ஆசைப்பட்டால் போதுமா? அரசாங்க உத்தியோகத்தர் தேர்தலுக்கு நிற்பதென்றால் வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் குவாட்டர்ஸை விடவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அப்பா தன் முத்து முத்தான எழுத்தில் விலகல் கடிதம் எழுதினார். திகதியை மட்டும் போடவில்லை. வேட்பாளரைத் தெரிவுசெய்யக் கட்சி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெயர் சொன்ன பிறகு போடலாம் என்றார். எல்லாவற்றையும் தொடக்கிவைத்த அம்மா அதை வாசித்துவிட்டு, பிள்ளைகளையும் கொண்டு எங்கே போய் இருக்கிறது என்று அழுதா. அழுது முடித்துப் பாயாசத்துக்கு அடுப்பு மூட்டினா. நடப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல், “அம்மா, நாங்கள் இப்ப சந்தோஷமோ?” என்று கேட்டேன். போய் முகத்தைக் கழுவு என்றா.

ஞாயிறு காலை அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் பெயருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போய்விட்டா. நானும் அப்பாவும்தான் வீட்டில். படலை திறக்கிற சத்தம் கேட்டது. ஐயா, கார் இல்லாமல் நடந்து வந்திருந்தார். தலை சீவவில்லை. முன்னறைக்குள் வந்து சால்வையைக் கண்டதும், “ஆ, இங்கையே கிடக்கு!” என்றார், தொலைத்த பென்சிலைக் கண்டெடுத்த பிள்ளையைப் போல. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா அவரை நன்றாகப் பார்த்தார்.

“தம்பி, நீர் ஆரின்ரை மகன்?”

விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவர் மெதுவாக, “கந்தப்பரின்ரை மகன், ஐயா” என்றார்.

“ஓ, நல்ல மனிசன். சுகமா இருக்கிறாரோ?”

“ஓம் ஐயா, சுகம்.”

கந்தப்பர் என் அப்பப்பா, நான் பிறக்கும் முன்பே செத்துப்போனவர். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். சால்வையை எடுத்து மடிப்புக் குலையாமல் ஐயாவின் தோளில் போட்டு, கையைப் பிடித்து மலையடியிலிருந்த அவர் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, கண்டதை ஒருவருக்கும் சொல்லாதே, அம்மாவுக்கும் சொல்லாதே என்றார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஐயா தலை சீவி, சால்வையோடு மேடையில் இருந்தார், பழைய ஐயாவேதான். சால்வை திரும்பிப் போயிருப்பதைக் கண்டு மண்டபம் குழம்பிவிட்டது. கொடுத்தார் என்றது ஒரு பக்கம், கொடுத்ததைப் பறித்துவிட்டார் என்றது இன்னொரு பக்கம். கடைசியில் தலைவர் ஐயாவையே கேட்டார், சால்வையைக் கிளாக்கரிடம் கொடுத்தது உண்மையா என்று. ஐயா சிரித்தபடியே இருந்தார். அவருடைய கண் மட்டும் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு போனது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

அப்பா எழும்பினார்.

“ஐயா தரேல்லை. நான்தான் கேட்டு வாங்கி வைச்சனான். பிழை என்னில.”

மண்டபம் சிரித்தது. வேறொருவர், கோட்டில் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்து, தெரிவானார், வென்றார், குறை சொல்ல முடியாமல்தான் செய்தார். அப்பாவுக்கு ‘சால்வைக் கிளாக்கர்’ என்ற பட்டம் நிலைத்தது. அம்மா ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. கேட்கவே மாட்டேன் என்ற மனிதர், கேட்டேன் என்று ஊர் முன்னால் ஏன் சொன்னார்? எத்தனையோ வருடம் எனக்கு விளங்கவில்லை. இரண்டு வருடத்தில் ஐயா காலமானபோது, கடைசி மூச்சுவரை நினைவு தெளிந்திருந்தவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். அப்பா முன்வரிசையில் இருந்து தலையாட்டினார்.

அப்பா போன பிறகு ஒருநாள், தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த காதர் நானாவைப் பார்க்கப் போனேன். சுற்றிவளைத்து அந்தக் கதை வந்தது.

“அண்டு காலமை ஐயா முதல்ல எங்கட கடைக்குத்தான் வந்தவர், மகள், சால்வை தேடி. என்னைக் கண்டு நீ ஆருண்டு கேட்டார். நான்தான் உங்கட வீட்டுப் பக்கம் கையைக் காட்டி விட்டன்.”

அப்படியென்றால் மண்டபத்தில் அப்பா சொன்னது பொய் என்று அவருக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு முப்பது வருடம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள், அதைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

ஓர்ஸ் ஹில் வீட்டில் இப்போது ஏதோ ஓர் அலுவலகம். கதிரை, சண்டைக்குப் பயந்து நாங்கள் கொஞ்சக் காலம் ஊரை விட்டு ஓடிய வருடம் போனது. இப்போது தேர்தல் வந்தால் சுவர் முழுக்க வேட்பாளர்களின் முகங்கள். யார் யாருக்கு என்ன விட்டுப்போனார் என்று ஒருவரும் கதிரையைப் பார்ப்பதில்லை. அப்பாவின் சான்றிதழ்களுக்கு நடுவில் அந்த விலகல் கடிதம் மட்டும் என் அலுமாரியில் இருக்கிறது. முத்து முத்தான எழுத்து, கீழே கையெழுத்து. திகதி போடும் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.