அருவியில் ஊறிய கூடை

ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் ஆபீஸ் தோழிகளோடு லெடாங் மலைப் பக்கம் போய், காட்டுக்குள் நடந்து அருவி பார்த்துவிட்டு வந்தாள். சப்பாத்தைப் பின்வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போய்விட்டாள். கொடியில் துணி எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். பாசியும் மக்கிய இலையும் சேற்றுத் தண்ணீரும் கலந்த வாசனை. சுற்றிலும் சிமெண்டுத் தரையும் காருமாக இருக்கிற எங்கள் ஊர் காஜா பேராங்கில் அந்த வாசனைக்கு ஒரு வேலையும் கிடையாது. கண்ணும் காதும் என்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மூக்குக்கு மட்டும் இன்னும் ஒன்பது வயதுதான்.

"ஏன் அத்தை, நாறுதா? நாளைக்குக் கழுவிடறேன்" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

இல்லையம்மா என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். இந்த வயதிலும் அது போகவில்லை. எழுதினால் கொஞ்சம் வரும். படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆரம்ப வகுப்புகள்தான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ஊரில் அரிசியைக் கண்ணால் காண்பது அரிதாகிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பா மட்டும் காஜா பேராங்கில் தங்கினார். அம்மாவும் நானும் தம்பியும் லெடாங் மலையடிவாரத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர்த் தோட்டம்தான், இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா அம்மாவின் அக்கா, தனியாள், வாய் நீளம். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்குள் நாங்கள் நுழைந்ததும், "வாங்க வாங்க, பட்டினி கிடக்க ஆள் பத்தலன்னு இப்பத்தான் நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் பங்கு மரவள்ளிக்கிழங்கைத் தம்பி கையில் வைத்தாள். அவள் பேச்சு ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் போகும்.

மரவள்ளியும் தீர்ந்துபோகிற நாட்களில் காடோங் கிழங்கு. காட்டில் முள்கொடியில் தானாக விளைவது. அப்படியே தின்றால் ஆளைக் கொன்றுவிடும். மெல்லிசாகச் சீவி, சாம்பலில் பிசறி, கூடையில் கட்டி, வேகமாக ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட வேண்டும். விஷம் தண்ணீரோடு போய்விடும். பிறகு வேகவைத்துத் தேங்காய்த் துருவல் போட்டுச் சாப்பிடலாம். தேங்காய் இல்லாவிட்டால் இருப்பதாக நினைத்துக்கொண்டு சாப்பிடலாம். நாங்கள் பெரும்பாலும் நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

லயத்துக்குப் பக்கத்து ஓடை சோம்பேறி ஓடை. அதனால் அருவிக்கு நடப்போம். முதலில் வெட்டு நின்றுபோன கித்தா மரங்கள், பால் கிண்ணத்தில் எல்லாம் மழைத்தண்ணீரும் கொசுவும். அதைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் வெயில் கிடையாது, அட்டைதான் உண்டு. பெரியம்மா முன்னால் போவாள், கூடை அம்மா முதுகில், நான் கடைசியில். பாறை வழுக்கும் இடங்களில் பெரியம்மா திரும்பாமலே, "அடியே, விழறதா இருந்தா சொல்லிட்டு விழு" என்பாள். மேலே ஏற ஏற இரைச்சல் வரும். யாரோ பெரிய வீட்டில் ஓயாமல் நெல் குத்துவது போல இருக்கும். பிறகு சட்டென்று மரங்கள் விலகும், வெள்ளையாகத் தண்ணீர். சோறு இல்லாத காலம்தான், ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றபோது நான் சந்தோஷமாக இருந்தேன். இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த இரைச்சலில் நான் பாடுவேன். யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே பாடியிருப்பேன்.

அங்கே கூடை போடுகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. பாறை இடுக்குகளில் வேறு கூடைகளும் இருக்கும். ஆளைப் பார்த்தது கிடையாது. ஜப்பான்காரனுக்குப் பயந்து காட்டோரம் குடிசை போட்டு ஒளிந்து வாழ்கிற சீனக் குடும்பங்கள் என்று பெரியம்மா சொன்னாள். எல்லாம் ஒரே மாதிரி பிரம்புக் கூடைகள். துணிக்கே பஞ்சம், கோணி கிடைத்தால் அதை உடுத்திக்கொண்டோம், கிழங்கு கட்ட யார் கொடுப்பார்கள்? ஆனாலும் அடுத்தவர் கூடையை யாரும் தொட்டதில்லை.

ஒருமுறை கூடை எடுக்க வேண்டிய நேரத்தில் பெரியம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல். முதல் நாள் மலையில் நல்ல மழை வேறு. அம்மாவும் நானும் போனோம். அருவி பெருத்துச் சிவப்பாகக் கொட்டியது. எங்கள் இடுக்கில் கூடை அப்படியே இருந்தது. சாமி காப்பாத்தினான் என்று அம்மா கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள். அம்மா டவுனில் வளர்ந்தவள். மழை எங்கள் கூடையைக் கீழே உருட்டிவிட்டு, மேலே இருந்த வேறொரு கூடையை அதே இடுக்கில் கொண்டுவந்து சொருகியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

வீட்டுக்கு வந்து வேகவைத்தாள். படுக்கையிலிருந்து பெரியம்மா நடுங்கிக்கொண்டே கேட்டாள்:

"வெள்ளையா இருக்கா பாத்தியா? விஷம் போனாத்தான் வெளுக்கும்."

"வெள்ளையாத்தான்கா இருக்கு."

மலாய்க்காரர்கள் முதலில் கோழிக்குப் போட்டுப் பார்ப்பார்களாம். எங்களிடம் கோழி இருந்திருந்தால் கிழங்கைத் தேடி ஏன் மலை ஏறப்போகிறோம்?

பொழுது சாய்கிற நேரம். அம்மா தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். லயத்துக் கோடியில் ஒரு பெண் கத்துகிற சத்தம். "உபி! உபி காடோங்! சியாப்பா அம்பில்?" கிழங்கை யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே வீடு வீடாக வருகிறாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நம்ம கூடைன்னுதானே எடுத்தேன்" என்று தனக்குள் சொன்னாள். பிறகு ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். "சீக்கிரம் சாப்பிடுங்க. பிடுங்கிட்டுப் போயிருவா. வாயில போடுடா தம்பி!"

பிறத்தியார் கொல்லையில் விழுந்த மாங்காயைக்கூட எடுக்க விடாத அம்மா அவள். பசி அப்படி.

தம்பி ஒரு துண்டை விழுங்கினான். நான் எதிலும் மந்தம். சாப்பாட்டை முதலில் ஊதுவேன், பிறகு பார்ப்பேன், பிறகுதான் தின்பேன். அதற்காக எத்தனையோ குட்டு வாங்கியிருக்கிறேன். அன்றும் ஊதிக்கொண்டுதான் இருந்தேன்.

கத்திக்கொண்டு வந்த அந்தச் சீனப் பெண் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் அம்மா வயதுதான் இருக்கும். கறுப்புக் கால்சட்டை, முதுகில் கூடை. என் கையில் இருந்ததைத் தட்டிவிட்டாள், தட்டைக் காலால் தள்ளினாள். அம்மா "அடிப்பாவி!" என்று கத்தி அவள் தலைமுடியைப் பிடித்தாள். அவளோ அம்மாவைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்து, "ஜாங்கான் மாக்கான்! ஜாங்கான் மாக்கான்! மாபோக்! மாத்தி!" என்று அலறினாள்.

மலாய் தெரிந்த பெரியம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "விடுடி அவள! திங்காதங்கிறா. விஷமாம், செத்துருவாங்களாம்!"

அம்மாவின் கை தானாக விட்டது. அந்தப் பெண் தம்பியை மடியில் கவிழ்த்துப் போட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டாள். அவன் கடித்தான், அழுதான், எல்லாவற்றையும் கக்கினான். தண்ணீர் கொடுத்து மறுபடியும் கக்கவைத்தாள். அவன் கண் சொருகி, தலை சுற்றிப் படுத்துக்கொண்டான். அவன் மூச்சு ஒழுங்காகும்வரை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் முதுகுக் கூடையை இறக்கிவைத்தாள். "லூ புன்யா" என்றாள். உன்னுடையது. அது எங்கள் கூடை. நன்றாக ஊறிய எங்கள் கிழங்கு. தன் கூடையைக் காணோம் என்று தேடியவள் கீழே மடுவில் இதைப் பார்த்திருக்கிறாள். திறந்ததும் தான் சீவியது இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் தன்னுடைய இன்னும் ஊறாத பச்சை விஷத்தை யாரோ தூக்கிப்போய்விட்டார்கள். பேசாமல் எங்கள் கிழங்கைக் கொண்டுபோய்த் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் கேட்க யாருமில்லை. எந்த வீடு என்று தெரியாமல் மலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். ஜப்பான்காரன் கண்ணில் படக்கூடாது என்று ஒளிந்து வாழ்ந்தவள், லயத்தில் நின்று கத்தியிருக்கிறாள்.

அப்போதுதான் அம்மா அவள் காலைப் பார்த்தாள். வெறுங்கால். வலது பெருவிரல் நகம் பாறையில் பெயர்ந்து ரத்தமாக வழிந்தது. கணுக்காலில் அட்டைகள். அம்மா சட்டியில் தண்ணீர் எடுத்துவந்து, அட்டைகளைச் சாம்பல் வைத்துப் பிடுங்கி, அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவினாள். தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அம்மாவுக்கு அந்த ஒரு சேலைதான் இருந்தது.

கிழங்கில் பாதியைக் கட்டிக் கொடுத்தபோது அவள் மாட்டேன் என்று கையாட்டினாள். பெரியம்மா படுக்கையிலிருந்தே, "வாங்கிக்கம்மா. இவ சமைக்கிற லட்சணம்தான் பாத்தியே, எங்களுக்குப் பாதி போதும்" என்றாள், தமிழில்தான். என்ன புரிந்ததோ, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இரண்டு விரலைக் காட்டினாள், இடுப்பளவு ஒன்று, முழங்காலளவு ஒன்று. அவள் பிள்ளைகள். வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். பெயர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நாங்கள் அருவிக்குப் போகும்போதெல்லாம் எங்கள் கூடையைச் சுற்றிக் கல் அடுக்கி, கொடியால் இறுக்கிக் கட்டியிருக்கும். நாங்கள் கட்டியது இல்லை. அம்மா அந்தக் கல்லுக்கு மேலே, ஈரம் படாத பொந்தில், கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் உப்பை இலையில் மடித்து வைப்பாள். அடுத்த முறை உப்பு இருக்காது. ஒருநாள் போனபோது கூடையைச் சுற்றிக் கல் இல்லை, உப்பு வைத்தபடியே இருந்தது. அம்மா வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அன்று நான் பாடவில்லை.

சண்டை முடிந்து காஜா பேராங்குக்குத் திரும்பினோம். தம்பி வளர்ந்தான், கல்யாணம் செய்தான், பேரன் பேத்தி எடுத்தான். காடோங் என்ற பேச்சை எடுத்தாலே இன்றைக்கும் எழுந்துபோய்விடுவான். அம்மா சாகும்வரை பசாருக்குப் போனால் காய் விற்கிற சீனப் பெண்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "என்னம்மா தேடற?" என்றால், "கீரை தேடறேன்" என்பாள். அம்மா போன பிறகு நானும் பார்க்கத் தொடங்கினேன், அந்தச் சீனப் பெண் இந்நேரம் உயிரோடு இருக்கமாட்டாள் என்று தெரிந்தும் பார்வை நிற்கவில்லை. கூச்சக்காரிக்கு அது வசதியான வேலை, தலையைக் குனிந்துகொண்டே செய்யலாம்.

மருமகள் கைப்பேசியில் அருவியைக் காட்டினாள். சிமெண்டுப் படி, கம்பிப் பிடி, குளிக்கிற கூட்டம். எங்கள் இடுக்கு எது என்று தெரியவில்லை. கூடை போடுகிறவர்கள் போய்விட்டார்கள், அது நல்லதுதான். அந்தப் பசியும் போகட்டும். ஆனால் பசாரில் இப்போது வெறுங்காலோடு யாரும் உட்காருவதில்லை. எல்லோர் காலும் சப்பாத்துக்குள் போய்விட்டது. நகம் பெயர்ந்த அந்தப் பெருவிரல் என் பக்கத்திலேயே நடந்து போனாலும் இனி எனக்குத் தெரியாது.