நகைத் தராசில் பூனைக்குட்டி

ஆடிச் சாரல் விடாமல் தூறிய வாரத்தில், என் நகைப் பட்டறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டது. பட்டறை வீட்டு மாடியிலேயே இருக்கிறது. உக்கடம் குளத்துக் காற்று ஜன்னல் வழியே வந்து எங்களையெல்லாம் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தது.

இரண்டு செவலை, ஒன்று சாம்பல். சாம்பல்தான் சிறியது. பால் சரியாகக் குடித்தால் தினமும் எடை கூடும் என்றார் கால்நடை டாக்டர். எடை என்றால் என்னை விட்டால் யார்? பொன் வைக்கிற இடத்தில் பூ வைப்பார்கள். நான் பூனைக்குட்டியை வைத்தேன்.

தட்டு சில்லென்று இருக்குமே என்று ஒரு துணியை விரித்தேன். முதல் நாளே துணியைத் தனியாக நிறுத்து, அந்த எடையைத் தினமும் கழித்துக்கொண்டேன். கண் திறக்காத குட்டி நெளிய நெளிய, எண்கள் ஏறி இறங்கி மெல்ல நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கையிலிருக்கும் வேலை மறந்துபோகும். மூன்றும் எடை கூடின. சாம்பலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் என் மனைவி சாம்பலைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, தராசு கெடக்கட்டுங்க. வயிறு ஒட்டிக் கெடக்குது பாருங்க. இது பாலே சரியா குடிக்கலீங்க."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷமாகத் தராசு பிடிக்கிறவனிடமா இந்தப் பேச்சு? நான் கழித்த கணக்கு சரிதான் என்று நிரூபித்துக் காட்டத் துணியை மட்டும் மறுபடி நிறுத்தேன். முதல் நாளைவிடக் கனத்தது. சாரல் காற்றிலும் குட்டிகளின் ஈரத்திலும் ஊறியிருந்தது. சாம்பலின் பெயரில் கூடியதெல்லாம் துணியின் எடை. குந்துமணிப் பொன்னுக்குக்கூட ஒவ்வொரு தடவையும் தட்டைத் துடைத்து, பூஜ்யம் பார்த்துத்தான் நிறுப்பேன். ஓர் உயிருக்கு அதைச் செய்யவில்லை. வெட்கமாக இருந்தது. குட்டி கத்தக்கூட இல்லை என்பது பயமாகவும் இருந்தது.

முட்டித் தள்ளும் செவலைகளை மனைவி மடியில் போட்டுக்கொண்டாள். நான் சாம்பலைத் தாயின் பின்முலையில் பிடித்தேன். நழுவியது. மறுபடி பிடித்தேன். தாய் கண்ணை மூடிக் கிடந்தது. வெளியே சாரல் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, குட்டியின் காதுகள் மெல்ல அசைய ஆரம்பித்தன. தொண்டை ஏறி இறங்கியது. முன்கால்கள் தாயின் வயிற்றைப் பிசைந்தன.

குடித்து முடித்து அது என் உள்ளங்கையிலேயே தூங்கிப்போனது.

"எடை போடலீங்களா?" என்று மனைவி சிரிக்காமல் கேட்டாள்.

என் விரல் அந்த உருண்ட வயிற்றின் மேல் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை.