வளைய மெஷினும் விளக்கெண்ணெயும்

எனக்குக் கண்ணாடியை விட்டொழிக்கணும், அவ்வளவுதான். கல்யாண ஆல்பத்துல எனக்குக் கண்ணே கிடையாது. கண்ணாடியில ஃப்ளாஷ் பட்டு, முகத்துல ரெண்டு ட்யூப்லைட் எரியுது. லேசர் பண்ணலாமான்னு பார்க்க அடையாறுல ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

துணைக்கு மாமியார். சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவங்க. கண்ணுக்கு என்ன வந்தாலும் அவங்களுக்கு ஒரே மருந்து விளக்கெண்ணெய்தான். "டெஸ்டுக்குப் போசொல்ல கண்ணு குளுகுளுன்னு இருக்கணும்மா"ன்னு ரெண்டு கண்ணுலயும் விட்டு, வழிஞ்சதை முந்தானையால துடைச்சாங்க. வேணாம்னா விடுற ஆளா?

முதல் மெஷின்ல தாடையை வெச்சேன். உள்ளே வட்டம் வட்டமா வெளிச்சம். அது கருவிழி மேல பட்டுத் தெரியிற பிம்பத்தைப் படம் எடுக்குமாம். வட்டம் ஒழுங்கா இருந்தா விழியோட வளைவும் ஒழுங்கு. என் வட்டமெல்லாம் மிதிபட்ட முறுக்கு மாதிரி கிடந்தது.

படம் எடுத்த பொண்ணு, "கண்ணுல ஏதாவது போட்டீங்களா?"ன்னு கேட்டா.

அத்தை பெருமையா, "நான்தான் எண்ணெ வுட்டேன். நல்லா கீதா?"ன்னாங்க.

ஐயோ, அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு! இந்த மெஷினுக்கு மேல்பூச்சுதான் தெரியும், எண்ணெய் மிதந்தா அதையும் சேர்த்து எடுத்துடும்னா. கண்ணைக் கழுவி, கொஞ்ச நேரம் உட்கார வெச்சு, மறுபடி எடுத்தாங்க. அத்தனையும் அழகான வட்டம். அப்பவே மனசுக்குள்ள கண்ணாடியை அடையாத்துல வீசிட்டேன்.

அடுத்த மெஷின் வேற ரகம். அதோட கேமரா சுத்திச் சுத்தி, கருவிழியைக் குறுக்கே வெட்டின மாதிரி படம் எடுக்கும். முதல் மெஷின் தோசையை மேலாப் பார்க்குது, இது பிய்ச்சுப் பார்க்குது. பிய்ச்சுப் பார்த்துட்டு, கருவிழி ரொம்ப மெல்லிசுன்னு சொல்லிடுச்சு, பாவி.

"லேசர் கருவிழியைச் சீவித்தான் சரி பண்ணும். சீவுற அளவுக்கு உங்களுக்குக் கனம் இல்லம்மா, வேணாம்"னுட்டார் டாக்டர்.

திரும்பி வர்ற ஆட்டோவுல கண்ணாடியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, வெக்கமே இல்லாம அழுதேன்.

அத்தை சின்னக் குரல்ல, "நான் எண்ணெ வுட்டதாலயா இப்டி ஆச்சு?"ன்னாங்க.

"சேச்சே, அது பிறவியிலேயே அப்படி அத்தை."

அவங்களுக்கு மூச்சு வந்தது. என் கண்ணாடியை எடுத்து, அதே எண்ணெய் முந்தானையால அழுத்தித் துடைச்சு, மாட்டி விட்டாங்க. "இப்ப பாரு, நல்லா தெரியுதா?"

சைதாப்பேட்டை மார்க்கெட் மொத்தமும் நெளிஞ்சு வழிஞ்சுது.

"பளிச்சுனு கீது அத்தை"ன்னேன்.