சிவப்பு அட்டை கட்டிய மாமரம்

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை. கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மெஷின் நின்றுபோனால் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்டால் காரணம் கிடைத்துவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படப்பையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கிழட்டு மாமரத்திடமும் அதே ஞானத்தோடு கேட்டுப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை.

மனை வாங்கும்போதே இருந்த மரம். சில வருஷமாகத் துளிரும் இல்லை, பூவும் இல்லை. குடித்தனக்காரர்கள் பைக் நிறுத்துவதற்காக அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது ஆறாவது 'ஏன்' ஆகிவிடும்.

கம்பெனியில் உதவாத சாமானுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்களாம். கொஞ்ச நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்களாம். ஒருநாள் மாமரத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. அந்த இடத்தில் இன்னொரு ரூம் கட்டி, ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம்.

கொல்லையைச் சுற்றி ஏற்கெனவே வாடகை ரூம்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடைய ஜட்டியாவது காய்ந்துகொண்டிருக்கும். நான் காலை நீட்டி உட்கார அந்த மரத்தடி ஒன்றுதான் மிச்சம். இதைச் சொன்னால், "அதான் ஹால் கீதே" என்பார். அதனால் வேறு வழியாகப் போனேன்.

"காய்க்காத மரத்தை வெட்டற மாதிரி பயமுறுத்துவாங்க, எங்க அம்மா வூட்ல. நீங்க கோடாலியை ஓங்குங்க. 'வேணாம், வர்ற வருஷம் காய்க்கும்'னு நான் வந்து தடுக்கறேன். மரத்துக்கு ரோஷம் வந்துடும்."

ஐந்து ஏன் கேட்ட மனிதர் இதற்கு ஒரு ஏன்கூடக் கேட்கவில்லை. செலவில்லாத வைத்தியம் என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலையில் பனியன், லுங்கி, தலையில் கம்பெனி ஹெல்மெட் சகிதமாக மரத்தடியில் வந்து நின்றார். கோடாலியை ஓங்கி, "வெட்டிடுவேன்!" என்று ஒரு சத்தம். நான் தடுக்க வேண்டிய நேரம். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன்.

ஓரத்து ரூமில் ஒடிசாக்காரர் ஒருவர் குடியிருக்கிறார், வெல்டர். நம் ஊர்ப் பழக்கம் அவருக்கு எங்கே தெரியும்? தொந்தியோடு சார் தனியாகக் கஷ்டப்படுகிறார் என்று நினைத்து, ரம்பத்தோடு மரத்தில் ஏறிவிட்டார். "நான் வெட்றேன் சார்!" நான் சிரித்து முடிப்பதற்குள் ஒரு கிளை தொப்பென்று விழுந்தது. வெட்டுவாயில் ஈரமாகப் பால் வடிந்தது.

"எறங்குப்பா! வெட்டாதே!" என்று கத்தினேன். சிமெண்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "இந்த வூட்ல நான் உக்கார வேற எடம் இல்லங்க. இது ஒண்ணுதான் எனக்கு."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். "சாரி ஆண்ட்டி" என்றது மரத்தின் மேலிருந்து ஒரு குரல்.

அடுத்த வாரமே அட்டையை அவிழ்த்தார், அடிமரத்துச் சிமெண்டை உடைத்தார். புது ரூமுக்கு, எங்கள் காருக்காகப் போட்டிருந்த ஷெட்டின் இடத்தை விட்டார். மழைக்குப் பிறகு வெட்டின இடத்துக்குக் கீழே செம்புநிறத்தில் துளிர் வந்தது. காய்க்குமா என்பது யாருக்கும் தெரியாது. பெண்டாட்டிக்காகக் கார் ஷெட்டையே தியாகம் செய்ததாகப் படப்பை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஷெட் போன பிறகு அந்தக் காரை எங்கே நிறுத்துகிறார் தெரியுமா? மரத்தடியில், நான் உட்காருகிற அதே இடத்தில். டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டிப் பாயைப் போட்டுக் காலை நீட்டிக்கொள்கிறேன். காரை எடுக்க வேண்டுமென்றால் இப்போது என்னைக் கேட்டுத்தான் எடுக்கிறார்.