அடுத்த பேட்ச்

அஜ்மானில் நான் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில் காலையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓடும். பின்னுக்கு வரும்போது ‘பீப் பீப்’ என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய், ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஆறும். இன்றும் போனேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டும் ஒரு பொடியன். பில் போடும் பெண் என்னை லூசு என்று நினைக்கிறாளோ என்னவோ, நினைக்கட்டும்.

நான் தேடுவது முருகையா அண்ணையை. புதுக்கோட்டைக்காரர். அபுதாபியில் ருவைஸுக்கும் அப்பால், மணலுக்குள் ஒரு லேபர் கேம்ப்பில் இருந்தார். இப்படி ஒதுக்குப்புறமாகக் கிடக்கும் தொழிலாளிகளுக்குத் தொழில் பழக்கவென்று எங்கோ கடல் கடந்த நாட்டு அறக்கட்டளை ஒன்று நிதி கொடுத்தது. கேம்ப் மூலையில் ஒரு தகரக் கேபின்தான் வகுப்பறை. ஆள் சேர்ப்பது, வரவுப் பதிவு எடுப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. கழுத்தில் அட்டை தொங்கியதும் எனக்கு வந்த மிதப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஈர ஏசி வாடை எங்கே அடித்தாலும் அந்தக் கேபின் வந்துவிடும். கூடவே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பும் முருகையா அண்ணையும் வருவார். ரிவர்ஸ் எடுக்கும்போது வாயாலேயே பீப் பீப்.

“தள்ளி நில்லுங்கப்பா, காலு போயிரும்!”

வகுப்பே சிரிக்கும். அவருக்கு அது விளையாட்டில்லை. சிமெண்ட் மூட்டை சுமந்து முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்று ஃபோர்மன் சொல்லியிருந்தார். ஊரில் இரண்டு மகள்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பாதுகாப்பு வகுப்பு, அதை முடித்தவர்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் என்று சொல்லியிருந்தோம். முதல் வகுப்பு முடிந்ததும் அறிக்கைப் படிவம் வந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ‘வேலை கிடைத்ததா?’ என்று ஒரு கட்டம். அட, கேம்ப்பில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள்தானே! வெறுமையாக விட்டால் நிதியை நிறுத்திவிடுவார்கள், என் அட்டையும் போய்விடும் என்று பயம். எல்லோருக்கும் ‘ஆம்’ போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்தேன், மடச்சி.

அறக்கட்டளை அனுப்பிய ஃபோர்க்லிஃப்ட் வகுப்புப் பட்டியலில் பழைய பெயர் ஒன்றுகூட இல்லை. வேலை கிடைத்துவிட்டவர்களுக்கு மறுபடி இடமில்லையாம். முருகையா அண்ணைக்காக மின்னஞ்சல் எழுதினேன். நான் போட்ட ‘ஆம்’ பொய் என்று எழுதத் தைரியம் வரவில்லை. சுற்றிவளைத்துக் கெஞ்சினேன். பதில் வந்தது: ‘அவருக்கு வேலை கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. எங்கள் வாழ்த்துகளைத் தெரிவியுங்கள்.’

வகுப்பு தொடங்கும் நாளன்று அயர்ன் பண்ணிய சட்டையோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

“நம்ம பேரு வந்துருச்சா தங்கச்சி?”

“இந்த முறை இல்லை அண்ணை. அடுத்த பேட்ச்சிலை கட்டாயம் வரும்.”

“அதனாலென்ன. இத்தன நாளு இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாளு.”

ஃபோர்மன் அவ்வளவு நாள் பொறுக்கவில்லை.

“கலாஸ், முடிஞ்சுபோச்சு தங்கச்சி. விசாவ கேன்சல் பண்ணிட்டாங்க,” என்று முருகையா அண்ணை சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். ஊருக்குப் புறப்பட்ட அன்று பஸ் படியில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த பேட்ச் வந்தா ஒரு போன் அடிங்க. எப்புடியாச்சும் வந்துர்றேன்.”

“ஓம் அண்ணை,” என்றேன். என்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பாவி நான்.

அடுத்த பேட்ச் வரவேயில்லை. நிதி நின்றது, என் அட்டையும் போனது. கேபினைக் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு கேம்ப்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே மணல்தான்.

போன மாதம்தான் துணிந்து அவருடைய ஊர் எண்ணுக்கு அடித்தேன். சின்ன மகள் எடுத்தாள். அப்பாவின் கேம்ப்பில் வகுப்பு நடத்தியவள், துபாய்ப் பக்கமிருந்து பேசுகிறேன் என்றேன்.

“பேட்ச் அக்காவா? அப்பா தவறி ரெண்டு வருசமாச்சுக்கா. நீங்க கூப்புடுவீங்கன்னு இந்த நம்பர மாத்தவே விடல.”

என்னால்தான் என்று அவளிடமும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். ஆள் இல்லையென்று தெரிந்தும், அந்த பீப் சத்தம் கேட்டால் இன்னும் போய் முகத்தைப் பார்க்கிறேன்.