ஆனைக்குச் சக்கை கொடுக்கச் சொன்ன குரல்

கழக்கூட்டம் என்கிற மலையாளத்து ஊரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் பதினோரு வருடமாகச் சமைக்கிறேன். கம்ப்யூட்டர் வேலைக்காரிகள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டாயிற்று. என் சோற்றில் குறை சொல்லாதவள் பொன்செல்வி ஒருத்திதான். அவளுக்குச் சம்பளமே குறை சொல்வதற்கு. குழந்தைகளுக்கான காட்டு மிருக வீடியோ கேம் ஒன்றை நாள் முழுக்க விளையாடி, மான் மரத்துக்குள் புகுந்து போகிறது, கரடிக்கு ஒரு காலைக் காணோம் என்று எழுதிக் கொடுப்பாள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேலி செய்வேன். சிரிப்பாள்.

பொன்முடி மலை எஸ்டேட்டின் லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். புருஷன் குற்றாலலிங்கத்துக்கு அங்கே தேயிலை ஃபாக்டரியில் வேலை. ஆறு வயது மகள் ஆதிரா அவனோடு லயத்து வீட்டில் இருக்கிறாள். இவள் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள்.

அந்த கேமில் குழந்தைகள் ஒரு ஆனையைப் பழக்க வேண்டும். "உங்க மலையில ஆனைக்கு எந்தா இஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாள் மேலதிகாரி அஜிதா. இந்தப் பைத்தியக்காரி பெருமையாகச் "சக்கை" என்று பலாப்பழத்தைச் சொல்லிவிட்டாள். பலாவில் சக்கை முற்றுவதற்குள்ளேயே லயத்துக்காரர்கள் மரமேறிப் பறித்துவிடுவார்கள், பழுத்தால் வாசனைக்கு ஆனை வாசலுக்கே வந்துவிடும் என்று. அதை எனக்குச் சொன்னவளே இவள்தான். அதோடு விட்டாளா? தமிழ்க் குரலும் இவளே கொடுத்தாள். "பயப்படாதே மக்களே, கிட்டப் போ. சக்கையைக் குடு." தன் மகளைக் கூப்பிடுகிற அதே 'மக்களே'. கேட்டு நான்கூட உருகிப் போனேன், பொய் சொல்வானேன். பிள்ளைக்கு அம்மா குரல் கேட்கட்டுமே என்று லயத்து வீட்டிலிருந்த பழைய போனில் அந்த கேமைப் போட்டும் கொடுத்தாள்.

மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. அன்று காய்ச்சலென்று பொன்செல்வி வேலைக்குப் போகவில்லை. காலை பத்தரை இருக்கும். அடுக்களையில் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் போனில் ஆதிரா வீடியோவில் வந்தாள்.

"அம்மா, ஆன வந்நு! நம்ம வீட்டுப் பின்னால!"

தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. பிள்ளையின் இடுப்பில், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு எலிசாள் கறிக்கு அறுத்து வைத்திருந்த பாதிச் சக்கை.

"எலிசாள் அத்தை எங்கட்டி?"

"குழாயில வெள்ளம் பிடிக்கப் போயி."

படம் உறைந்து நின்றது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது.

"உள்ள போ மக்களே, கதவைச் சாத்து!" என்றாள் பொன்செல்வி.

"நீதானே கிட்டப் போகச் சொன்னே? பயப்படக் கூடாதுன்னு?"

பொன்செல்வி முதுகில் ஒன்று வைத்தேன். "சொல்லேம்ட்டி! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அம்மா பொய் சொன்னேன்!" என்று கத்தினாள். "கிட்டப் போனா கொன்னுரும். நான் சொன்னதெல்லாம் பொய்யி மக்களே! சக்கையைப் போட்டுட்டு ஓடு!"

லைன் அறுந்துவிட்டது. குற்றாலலிங்கத்தின் போன் அணைந்து கிடந்தது. ஃபாக்டரி ஆபீஸில் எடுக்க ஆளில்லை. பொன்செல்வி தரையில் உட்கார்ந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். கோமதி அம்மனுக்கு மொட்டை போடுகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டேன். என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியை வைத்து அவள் என்ன செய்யப் போகிறாள்? ஆனாலும் வேண்டினேன். இருபது நிமிஷம். அப்படி ஒரு இருபது நிமிஷத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

எலிசாள்தான் கூப்பிட்டாள். "இருக்கா, இருக்கா! கதவைச் சாத்திட்டுக் கட்டிலுக்கு அடியில கெடக்கா. ஆனை சக்கையைத் தின்னுட்டுப் போயிட்டு."

மறுநாள் விஷயத்தைக் கேட்ட அஜிதா வெலவெலத்துப் போய், கேமிலிருந்து அந்தக் கட்டத்தையே எடுக்கச் சொல்லிவிட்டாளாம். நல்ல புத்தி கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம், இரண்டு பேருக்கும்.

சனிக்கிழமை பொன்முடிக்குப் போனவள் ஞாயிறு திரும்பி வந்து, தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, பிள்ளை நல்லாத்தானே இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா அக்கா. பஸ் ஏறும்போது, அடுத்த சனிக்கிழமை வந்துருவேன் மக்களேன்னு சொன்னேன். 'இதும் பொய்யாம்மா?'ன்னு கேட்டா. அழக்கூட இல்ல. சும்மாதான் கேட்டா."