பஸ் கூரையில் போன வீணை

என் வீணை மூன்று விதமான இசையைப் பார்த்தது. திருப்பதி உற்சவங்களில் கீர்த்தனை, சித்தூர் நாடகக் கொட்டகையில் புதுப் பாட்டு, ரேணிகுண்டா ரயில்வே காலனியில் ஜாஸ். அந்த மூன்றாவது வராமல் இருந்திருந்தால் முதல் இரண்டும் பாதியிலேயே முடிந்திருக்கும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்தத் தாலூகா எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த வருஷங்கள் அவை. மேடையில் தெலுங்கில் பாடினால் ஒரு கூட்டம் எழுந்து போகும், தமிழில் பாடினால் இன்னொரு கூட்டம். சபைக்காரர்கள், "வீணைக்கு ஏது பாஷை? அந்தப் பொண்ணையே கூப்டுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் அது வசதி. குனிந்த தலையோடு வாசித்துவிட்டு, குனிந்தபடியே எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் கேட்பவர்களுக்குப் பாட்டு மனப்பாடமாயிற்றே. ஒரு நாள் சித்தூரில் நான் ஒரு தெலுங்குப் பாட்டைத் தொடங்கியதும் முன்வரிசையில் ஒருவர் வார்த்தைகளோடு சேர்ந்து பாடினார். பின்னாலிருந்து, "நிறுத்து! தமிழ்ல ஒண்ணு வாசி" என்று சத்தம். நாற்காலிகள் உருண்டன. அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. வீணையைச் சித்தூரில் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு, ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் சமையலும் துணியுமாகக் கிடந்தேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். அங்கே ஆங்கிலோ இந்தியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். அவர்களுடைய கிடார்காரர் மாற்றலாகிப் போனதும் இவர் நேரே போய், "எங்கூட்டுல தந்தி வாத்தியம் வாசிப்பா" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்து வாசித்துப் பார்க்கட்டும், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

"என்னைக் கேக்காம ஏன் சொன்னீங்க?" என்றேன்.

"கேட்டா வேணாம்னுவ. அத்தொட்டுதான் கேக்கல."

"அது ஆடுற பாட்டுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கட்டிக்கினு வந்தப்ப சோறாக்கவுந்தான் தெரியாதுன்ன. நான் துன்னுக்கினு இல்ல?"

இதுவும் கைவிட்டுப் போனால் வீணை பரண்மேல்தான் என்று எனக்குத் தெரியும். வாசிக்க ஆசையாகத்தான் இருந்தது. சொல்லத்தான் வரவில்லை.

ஞாயிறு காலை சித்தூரிலிருந்து வீணையோடு பஸ் ஏறினோம். இவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் கண்டக்டர் வந்து, "லோபல ஜாகா லேதம்மா" என்று, உள்ளே இடமில்லையென, வீணையை என் கையிலிருந்து வாங்கிக் கூரைமேல் ஏற்றிவிட்டார். வீணையின் மெட்டுகளெல்லாம், அதாவது தந்திக்கு அடியில் இருக்கும் பித்தளைக் கட்டைகள், மெழுகில் பதித்தவை. சித்திரை மாத வெயிலில் மெழுகு இளகிவிடும். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் குனிந்த தலையோடு ஏறி உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடி வந்து ஏறியதும் பஸ் புறப்பட்டுவிட்டது.

ரேணிகுண்டாவில் இறக்கிப் பார்த்தால், நடுவில் நாலு மெட்டுகள் வீணையின் நுனியில் இருக்கும் யாளி முகத்தின் பக்கமாக நகர்ந்திருந்தன. அங்கே விரல் வைத்தால் சுரம் கீழே இறங்கி ஒலித்தது. மெழுகை உருக்கி மறுபடி பதிக்க ஆசாரி வேண்டும். அவரோ சித்தூரில் இருந்தார்.

அப்படியே போனோம். நான் தரையில் பாயை விரித்து உட்கார, பியானோக்காரரும் டிரம்காரரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சாக்ஸபோன் ஊதுகிறவர் ரயில் டிரைவர். காலனியில் அவரை டிரைவர் துரை என்போம். அவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, மெதுவாக ஓர் அடி ஊதி, என்னை வாசிக்கச் சொன்னார். நல்ல மெட்டுகளில் சரியாக வந்தது. நகர்ந்த மெட்டுக்கு வந்ததும் தந்தியை இழுத்துப் பிடித்தேன். சுரம் எட்டாமல், பாதி வழியில் விசும்புவதுபோல நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

நான் இவர் காதில் சொல்ல, இவர் சொன்னார்: "பஸ்ஸு மேல வெயில்ல வந்து மெட்டு நவுந்துபோச்சாம், தொர. சரிபண்ணிக்கினு அப்பால வராளாம்."

"சரிபண்றது அப்புறம். இந்தச் சத்தத்துக்குத்தான் நான் வருஷக்கணக்கா ஊதி ஊதி வாய் வீங்கிக்கினு கீறேன். ஒன் பொஞ்சாதிக்கு ஒரே நாள்ல பஸ்ஸு குடுத்துடுச்சு! அத்த இன்னொருவாட்டி வாசிக்கச் சொல்லு."

வாசித்தேன். அவர் அந்தப் பாதிச் சுரத்தை அப்படியே வாங்கி ஊதினார். நாங்கள் படித்த பாடத்தில் இழுத்தால் சுரத்தைப் போய்த் தொட்டாக வேண்டும். இவர்கள் நடுவழியிலேயே தங்கி, அங்கேயே சந்தோஷமாக இருந்தார்கள். இந்தப் பாட்டைத் தங்கள் பாஷை என்று உரிமை கொண்டாடிச் சண்டைக்கு வர அந்த ஊரில் யாரும் இல்லை. எத்தனை நேரம் வாசித்தேனோ, யார் பார்க்கிறார்கள் என்றே நினைக்கவில்லை.

முடிந்ததும் டிரைவர் துரை இவரிடம், "அடுத்த ஞாயித்துக்கெழம வருமா?" என்று கேட்டார். எனக்காக எப்போதும் பதில் சொல்லுகிறவர், அன்றைக்குப் பாயைச் சுருட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார். வேண்டுமென்றேதான். பாய் சுருண்டு முடிந்த பிறகும் நிமிரவில்லை.

"வரேன்" என்றேன்.

"அட, இதுக்கு வாயும் கீதே!" என்றார் துரை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறும் போனேன், பல வருஷம் போனேன். எல்லைத் தகராறு தீர்ந்து திருப்பதியில் மறுபடி மேடை போட்டபோது, கூப்பிடுவார்களா என்று வீட்டில் காத்திருக்கவில்லை. நானே நடந்துபோய் உற்சவத்தில் எனக்கு ஒரு நாள் கேட்டேன். கொடுத்தார்கள்.